பல கோடி ரூபாய் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்... சின்ன கல்லூரி மாணவருக்கும் கிடைக்குமா?

நானோ துகள் பற்றி ஆராய்ச்சி செய்கிறார் ஒரு மாணவர். துகள் தயார். ஆனால், அது எந்த அளவில், எந்த வடிவில் இருக்குன்னு படத்தோடு காட்டினால்தான் ஆய்வுக் கட்டுரையை ஏற்பார்கள். அதற்குத் தேவை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப். அவர் கல்லூரியில் அது இல்லை. இப்போ என்ன செய்வது?

சாதாரண மைக்ரோஸ்கோப் போதாதா?

போதாது. ஒளியில் இயங்கும் மைக்ரோஸ்கோப்பில் சுமார் 200 நானோமீட்டருக்கும் குறைவான நுணுக்கங்கள் பிரிந்து தெரியாது. கொரோனா வைரஸே சுமார் 100 நானோமீட்டர்தான். ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான்களைப் பாய்ச்சிப் படம் எடுக்கும் கருவியை, 1931-ல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மேக்ஸ் நாலும் உருவாக்கினார்கள். இதற்காக 1986-ல் ருஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் முக்கியமாக இரண்டு வகை. பொருளின் மேற்பரப்பைக் காட்டுவது 'செம்'. மிக மெல்லிய மாதிரியை ஊடுருவி உள்ளமைப்பைக் காட்டுவது 'டெம்'. உயர்ரக டெம்மில் அணுக்களின் வரிசையே தெரியும்.

வாங்கிட்டா மட்டும் போதுமா?

இங்கதான் சிக்கல். பக்கத்தில் லிஃப்ட் ஓடினாலும், ரோட்டில் பஸ் போனாலும் படம் கலங்கலாம். அதனால் அதிர்வு இல்லாத தனி அறை வேண்டும். கருவிக்குள் எப்போதும் வெற்றிடம் இருக்கணும், அதற்குத் தடையில்லா மின்சாரம் வேண்டும். ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சி பெற்ற ஆபரேட்டர் வேண்டும். இதற்கெல்லாம் பணம் ஒதுக்காமல் கருவியை மட்டும் வாங்கினால், ஒரு பழுது வந்ததும் அது மூலையில் முடங்கிவிடும்.

பகிர்ந்துகொள்வது எப்படி?

எல்லா கல்லூரியும் வாங்குவது சாத்தியமில்லை. ஒரே இடத்தில் வைத்து, பலரும் கட்டணம் கட்டிப் பயன்படுத்துவதே வழி. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் இயங்கும் 'சைஃப்' மையங்கள் இப்படித்தான் செயல்படுகின்றன. சென்னை ஐஐடியிலும் ஒரு மையம் உண்டு. நாட்டில் எந்தக் கருவி எங்கே இருக்குன்னு தேடிப் பதிவு செய்ய, 2020 ஜனவரியில் 'ஐ-ஸ்டெம்' இணையதளம் தொடங்கப்பட்டது.

மாணவர் என்ன செய்யணும்?

* ஐ-ஸ்டெம் தளத்தில் பதிவு செய்து, அருகில் உள்ள கருவியைத் தேடுங்கள்.
* கட்டணத்தைப் பாருங்கள். பொதுவாகத் தொழில் நிறுவனங்களைவிட மாணவர்களுக்குக் குறைவு.
* மாதிரியை எப்படித் தயார் செய்யணும்னு ஆபரேட்டரிடம் முன்பே கேளுங்கள். ஈரம் இருந்தால் வெற்றிடத்தில் சிக்கல் வரும்.
* முடிந்தால் நேரில் போய்ப் படம் எடுப்பதைப் பாருங்கள். எந்த இடத்தைப் படமெடுப்பது என்ற முடிவில்தான் பாதி ஆராய்ச்சியே இருக்கு.

கருவி எவ்வளவு விலை என்பதைவிட, எத்தனை மாணவர்கள் அதைத் தொட்டுப் பழகினார்கள் என்பதே முக்கியம். ஒரு பல்கலைக்கழகம் புதுக் கருவி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.