செராமிக் கிரில் வாங்கியாச்சா? கூடவே எதை வாங்கணும், எதுக்குக் காத்திருக்கலாம்?

ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, தந்தையர் தினம். அமெரிக்காவில் அப்பாவுக்குச் சட்டையும் வாட்ச்சும் வாங்கிக் கொடுத்து அலுத்துப்போன பிள்ளைகளின் கண் இப்போது வீட்டுக் கொல்லைப்புறத்தின் மேல் விழுந்திருக்கிறது. டல்லாஸ், அட்லாண்டா, நியூஜெர்சி என்று தனி வீடுகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிலும், பெரிய முட்டை போல இருக்கும் அந்த அடுப்பு வந்து இறங்க ஆரம்பித்துவிட்டது. செராமிக் சார்கோல் கிரில். 'காமாடோ' என்றும் சொல்வார்கள். பெயர்பெற்ற கம்பெனிகளின் 18 இன்ச் அடுப்பே ஆயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

பில் போடும் நேரத்தில்தான் தலை சுற்றும். பக்கத்துச் சுவர் முழுக்க உபகரணங்கள் தொங்கும். பீட்சா கல், சுழலும் கம்பி, இறைச்சியைப் பிய்க்கும் 'கரடி நகம்', போனோடு இணையும் மின்விசிறி, கோழியை உட்கார வைக்கும் ஸ்டாண்ட்... எல்லாவற்றையும் கூடையில் போட்டால் இன்னொரு அடுப்பு வாங்கும் காசு ஆகிவிடும். எதையும் வாங்காமல் வந்தாலோ, முதல் ஞாயிற்றுக்கிழமையே கை சுட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அல்லது வேகாத கோழியைப் பிள்ளைகளுக்குப் பரிமாற வேண்டியிருக்கும்.

எதை முதலில் வாங்குவது என்று முடிவுசெய்ய, இந்த அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் தெரிந்துகொள்வது நல்லது.

குமுட்டி அடுப்பின் தூரத்துச் சொந்தம்

ஜப்பானிய மொழியில் 'காமாடோ' என்றால் அடுப்பு. அங்கே சோறு பொங்குவதற்கென்றே மூடியோடு கூடிய உருண்டையான களிமண் அடுப்பு ஒன்று இருந்தது, பெயர் 'முஷிகாமாடோ'. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்க ராணுவத்தினர் அதை ஊருக்கு எடுத்துப்போய், சோற்றுக்குப் பதில் இறைச்சியை வைத்துப் பார்த்தார்கள். ருசி பிடித்துப்போனது. 1974-ல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் என்பவர் இந்த அடுப்புகளை விற்க ஒரு கடை திறந்தார். அதுதான் பின்னாளில் 'பிக் கிரீன் எக்' கம்பெனியாக வளர்ந்தது. பழைய களிமண் அடுப்புகள் விரிசல் விட்டதால், பிறகு உறுதியான செராமிக்குக்கு மாறினார்கள். 'காமாடோ ஜோ' போன்ற போட்டிக் கம்பெனிகளெல்லாம் அதற்குப் பல வருடங்கள் கழித்து வந்தவை.

நம் பாட்டிமார் பயன்படுத்திய குமுட்டி அடுப்பை நினைவிருக்கிறதா? கீழே ஒரு சின்ன வாய், மேலே கரி. வாய்க்கு நேராக விசிறினால் கங்கு சிவக்கும். செராமிக் கிரிலிலும் அதே கணக்குதான். கீழே காற்று நுழைய ஒரு கதவு, மேலே மூடியில் காற்று வெளியேற ஒரு திறப்பு. இரண்டையும் திறந்தால் சூடு ஏறும், குறுக்கினால் இறங்கும், முழுக்க மூடினால் கரி அணைந்துவிடும். மிச்சக் கரியை அடுத்த வாரம் பயன்படுத்தலாம்.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. புதிதாக வாங்கியவர்களைப் படுத்துவதும் அதுதான். தடிமனான செராமிக் சுவர் சூட்டை உள்வாங்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். 250 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 120 டிகிரி செல்சியஸ்) போதும் என்று நினைத்து, கவனிக்காமல் விட்டு 400-க்கு ஏறிவிட்டால், கதவை மூடினாலும் உடனே இறங்காது. விருந்தாளிகள் தட்டோடு காத்திருக்க வேண்டியதுதான். தேவையான சூட்டுக்கு ஐம்பது டிகிரி முன்பே கதவுகளைக் குறுக்க ஆரம்பிப்பதுதான் வழி. தண்ணீர் தெளித்து அணைக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம், செராமிக் விரிசல் விட்டுவிடும்.

முதல் செலவு, தெர்மாமீட்டர்

மூடியிலேயே ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது சொல்வது அடுப்புக்குள் இருக்கும் காற்றின் சூட்டை. கோழித் தொடையின் உள்ளே எவ்வளவு சூடு என்பது அதற்குத் தெரியாது.

நம் வீட்டுச் சமையலில் இது இன்னும் முக்கியம். மிளகாய்த்தூளும் தயிரும் மஞ்சளும் தடவி ஊறவைத்த கோழி, கங்கின் மேல் பத்து நிமிடத்தில் கறுத்துச் சிவந்து வெந்தது போலவே தோற்றம் தரும். எலும்பு ஓரம் பச்சையாகவே இருக்கும். மசாலா நிறம் ஏறியிருப்பதால் வெட்டிப் பார்த்தும் சரியாகச் சொல்ல முடியாது. அமெரிக்க விவசாயத் துறையின் அளவுப்படி கோழி, வான்கோழி எதுவானாலும் உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் (74 செல்சியஸ்) தொட வேண்டும். கொத்துக்கறிக் கபாபுக்கு 160. முழுத்துண்டு ஆட்டிறைச்சிக்கு 145, அதன் பிறகு மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும்.

குத்திய சில நொடிகளில் எண் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 20 டாலருக்குள்ளேயே கிடைக்கிறது. சதை தடிமனாக இருக்கும் இடத்தில், எலும்பில் படாமல் குத்த வேண்டும். வாங்கிய அன்றே ஐஸ் கட்டிகள் நிறைந்த தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 32 (செல்சியஸில் பூஜ்யம்) காட்டினால் நம்பலாம். மூடியில் இருக்கும் தெர்மாமீட்டரையும் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் ஒருமுறை சோதித்துவிடலாம். அது 212-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும்.

பிரியாணிக்கு தம் போடத் தெரியுமா?

அப்படியானால் 'ஹீட் டிஃப்ளெக்டர்' எதற்கு என்று உங்களுக்கு விளக்கவே வேண்டாம். பிரியாணிக்கு தம் போடும்போது அடி பிடிக்காமல் இருக்க, தேக்சாவுக்கு அடியில் தோசைக்கல்லை வைப்போம் இல்லையா? அதே வேலையைத்தான் இந்த செராமிக் தட்டு செய்கிறது. கரிக்கும் உணவுக்கும் நடுவில் உட்கார்ந்து, கங்கின் நேர் சூட்டைத் தடுத்து, அடுப்பு முழுவதும் சூட்டைச் சுழலவிடும். இது இல்லையென்றால் உங்களிடம் இருப்பது ஆயிரம் டாலர் கபாப் அடுப்பு மட்டும்தான். முழுக் கோழி, ஆட்டுத்தொடை, ரொட்டி, பீட்சா எதற்கும் இது தேவை.

சில கம்பெனிகள் இதை அடுப்போடு சேர்த்தே தருகின்றன, சில தனியாக விற்கின்றன. அடுப்பின் விலையை ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. மலிவாகத் தோன்றும் அடுப்பு, இதைச் சேர்த்தால் மலிவாக இல்லாமல் போகலாம்.

கையுறை... ஈரத்துணி அல்ல!

நம் சமையலறைப் பழக்கம் ஒன்று இங்கே ஆபத்தாக முடியும். சூடான பாத்திரத்தை இறக்க ஈரத்துணியைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. 500 டிகிரியில் இருக்கும் இரும்பு வலையை ஈரத்துணியால் பிடித்தால், துணியில் உள்ள தண்ணீர் நொடியில் ஆவியாகிக் கையை வேகவைத்துவிடும். முழங்கை வரை வரும் நல்ல கையுறை ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். அதுவும் காய்ந்திருக்க வேண்டும்.

கையுறை தேவைப்படும் இன்னொரு தருணம், மூடியைத் திறக்கும்போது. காற்றில்லாமல் அடங்கிக் கிடக்கும் கங்குக்கு, மூடியை ஒரேயடியாகத் திறந்தால் திடீரென்று காற்று கிடைக்கும். குப்பென்று தீப்பந்து ஒன்று வெளியே பாயும். முகத்துக்கு நேராக! முதலில் இரண்டு இன்ச் மட்டும் தூக்கி, சில நொடிகள் நிறுத்தி, பிறகு மெதுவாகத் திறக்க வேண்டும். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் அடுப்பைத் தொடவிடுவதற்கு முன் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் இது.

கரியைப் பற்றவைக்க மண்ணெண்ணெயோ, லைட்டர் ஃப்ளூயிடோ கூடாது. செராமிக் அந்த வாடையை உறிஞ்சிக்கொண்டு, அடுத்தடுத்த சமையலிலும் திருப்பித் தரும். மெழுகு தோய்த்த சின்னக் கட்டிகள் இதற்கென்றே கிடைக்கின்றன, இரண்டு போதும். கரியிலும் அச்சில் வார்த்த வில்லைகளை விட, மரத்தை அப்படியே எரித்து எடுத்த 'லம்ப்' கரி நல்லது. சாம்பல் குறைவு. சாம்பல் சேர்ந்தால் கீழ்க்கதவு அடைபட்டு, எவ்வளவு திறந்தாலும் சூடு ஏறாது. 'அடுப்பு ரிப்பேர்' என்று கடைக்குப் போன் போடுபவர்கள் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். சாம்பல் வாரும் கரண்டியும், மூடியுள்ள தகர வாளியும் இருந்தால் போதும். சாம்பலுக்குள் மறைந்திருக்கும் கங்கு மறுநாள் வரை உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டவே கூடாது.

பிரஷ் வாங்கும் முன்...

கடையில் அடுப்போடு இலவசமாகவே கம்பி பிரஷ் கொடுத்தாலும், யோசித்துத்தான் வாங்க வேண்டும். பிரஷ்ஷிலிருந்து உதிரும் மெல்லிய கம்பி, வலையில் ஒட்டிக்கொண்டு உணவோடு வயிற்றுக்குள் போய்விடும். தொண்டையிலும் குடலிலும் கம்பி குத்தி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2012-ல் எச்சரித்தது. சிலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்பட்டது.

மரத்தாலான சுரண்டி போதும். இன்னும் எளிய வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. தோசைக்கல்லை எப்படித் துடைப்போம்? பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுச் சூடான வலையில் அழுத்தித் தேயுங்கள். அதே வேலைதான்.

அந்தத் தோசைக்கல்லையே அடுப்புக்குள் வைக்கலாம். வார்ப்பிரும்புக் கல்லோ, பணியாரக் கல்லோ இருந்தால், கிரிலுக்கென்று விற்கும் விலையுயர்ந்த வார்ப்பிரும்புத் தட்டை ஒரு வருடத்துக்குத் தள்ளிப்போடலாம். நான்ஸ்டிக் பூச்சு, பிளாஸ்டிக் கைப்பிடி உள்ளவை மட்டும் கூடாது.

ஊரிலிருந்து வந்து சில மாதம் தங்கும் அம்மா அப்பா சைவமாக இருந்தால், ஆடம்பரமாகத் தோன்றும் ஒரு பொருள் அவசியமாகிவிடும். அது கூடுதலாக ஒரு வலை. பனீருக்கும் சோளத்துக்கும் கத்தரிக்காய்க்கும் மட்டும் என்று அதைத் தனியாக வைத்துக்கொண்டு, காய்கறியை முதலில் வாட்டிவிட்டு, பிறகு வலையை மாற்றிக் கறியை ஏற்றலாம். நீளமான இடுக்கியும் இரண்டாக இருக்கட்டும். பாட்டி நிம்மதியாகச் சாப்பிடுவார்.

காத்திருக்கக்கூடியவை எவை? போனோடு இணையும் மின்விசிறி மிக வசதியானதுதான். ஆனால், கதவுகளைக் கையால் குறுக்கிப் பழகுவதற்கு முன்பே அதை வாங்கினால், சார்ஜ் தீர்ந்த அன்று சமையல் நின்றுவிடும். சுழலும் கம்பி வருடத்துக்கு இரண்டு முறை வெளியே வரும். 'கரடி நகம்' செய்யும் வேலையை இரண்டு முள்கரண்டி செய்துவிடும்.

எங்கே வைப்பது?

இது உபகரணம் இல்லைதான். ஆனால், இதில் தவறினால் மற்ற எதுவும் பயன்படாது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. மலைப்பிரதேசங்களில் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் மறுநாள் எழுந்திருக்காத செய்திகள் நமக்குப் புதிதல்ல. மழை வந்துவிட்டது என்று எரியும் கிரிலை கராஜுக்குள் தள்ளுவதும், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு சமைப்பதும் அதே ஆபத்துதான். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே ஊர் விதியைக் கேட்டுவிட வேண்டும். எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள் கரி கிரிலைப் பற்றவைக்க, அமெரிக்காவின் பல ஊர்களில் அடுக்குமாடிகளுக்குத் தடை உண்டு.

18 இன்ச் 'பிக் கிரீன் எக்' சுமார் 73 கிலோ எடை. அதனால் சக்கரம் வைத்த உறுதியான ஸ்டாண்ட் தேவை. மர மேஜையில் பதித்து வைப்பதென்றால், அடியில் கல் பலகையும் சுற்றிக் காற்றுக்கு இடைவெளியும் வேண்டும். மழைக்கு ஒரு உறை வாங்கலாம். அடுப்பு முழுக்க ஆறிய பிறகுதான் அதைப் போட வேண்டும்.

பீட்சா கல்லையும் இரண்டாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மூடியும் அடிப்பாகமும் சேரும் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் பட்டை, புதிதில் அதிகச் சூடு பட்டால் கருகிவிடும் என்பதால், முதல் சில சமையலை 350 டிகிரிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. பீட்சாவுக்கோ 600 வரை தேவைப்படும். வாங்கும்போது 18 இன்ச் அடுப்புக்கு 14 இன்ச் கல்லாகப் பார்த்து எடுங்கள், ஓரத்தில் காற்று ஏற இடம் வேண்டும். குளிர்ந்த கல்லைக் கொதிக்கும் அடுப்பில் வைத்தால் உடைந்துவிடும். அடுப்போடு சேர்த்தே சூடாக்க வேண்டும்.

அதுவரை முதல் ஞாயிற்றுக்கு ஒரு முழுக் கோழி போதும். முந்தின இரவே மசாலா தடவி ஃப்ரிட்ஜில் வைத்து, டிஃப்ளெக்டருக்கு மேலே வலையில் ஏற்றி, சூட்டை 325-350-க்குள் நிறுத்தி மூடிவிட்டால், சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கலாம்.