கரண்ட் போனா மீனுக்கு மூச்சு முட்டும்: கடல் மீன் தொட்டியைக் காப்பாத்துவது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோட், வீட்டில் உப்புத் தண்ணி மீன் தொட்டி வெச்சிருக்கறவங்களுக்கு. இனிமேதான் வாங்கலாம்னு யோசிக்கறவங்களும் கேளுங்க. கொளத்தூர் மீன் கடைகளில் கலர், விலை, சைஸ் எல்லாம் கேட்போம். கேட்க மறக்கற கேள்வி ஒண்ணு இருக்கு: கரண்ட் போனா இந்தத் தொட்டி எத்தனை மணி நேரம் தாங்கும்?

சென்னையில் இது கற்பனைக் கேள்வி இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பொங்கி கோட்டூர்புரம் வரைக்கும் தண்ணி நின்னது. 2016 டிசம்பர் 12 அன்னைக்கு வர்தா புயல் நகரத்து மேலேயே கரையைக் கடந்தது. ஆயிரக்கணக்கில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ஞ்சதில் பல ஏரியாவுக்கு கரண்ட் திரும்ப நாள் கணக்கில் ஆச்சு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம். அப்போ மந்தைவெளியில் எங்க வீட்டில் ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. 200 லிட்டர் தொட்டி, உள்ளே ஒரு ஜோடி க்ளௌன் மீன், ஒரு கோபி, கொஞ்சம் நத்தை. நான் தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கறதைப் பார்த்துட்டு பாட்டி கேட்டாங்க: "அதுக்கு என்னடா குறை? தண்ணியிலதானே இருக்கு?"

நியாயமான கேள்வி. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதல் எதிரி: மூச்சு

மீன் தண்ணியில் கரைஞ்சிருக்கற ஆக்சிஜனைத்தான் சுவாசிக்குது. 28 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நல்ல தண்ணி சுமார் 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிச்சு வெச்சுக்கும். அதே சூட்டில் கடல் தண்ணிக்கு 6.5 மில்லிகிராம்கூடக் கிடையாது. உப்பு கூடினா ஆக்சிஜன் குறையும், சூடு கூடினாலும் குறையும். அதாவது கோல்டு ஃபிஷ் தொட்டியைவிட நம்ம தொட்டி ஆரம்பத்திலேயே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பின்தங்கித்தான் நிக்குது.

இந்த ஆக்சிஜன் தண்ணியின் மேல்பரப்பு வழியாத்தான் உள்ளே வருது. பம்ப் ஓடும்போது அடித்தண்ணி மேலே வந்து, காத்தைத் தொட்டு, திரும்ப கீழே போகும். கரண்ட் போன அடுத்த நொடி இந்தச் சுழற்சி நின்னுடும். மேலே ஒரு மெல்லிய அடுக்கில் ஆக்சிஜன் இருக்கும், கீழே தீர்ந்துட்டே வரும். மீன் மட்டுமா செலவு பண்ணுது? பாறையில் குடியிருக்கற பாக்டீரியா, மணலில் இருக்கற புழு, நத்தை எல்லாமே பங்கு கேட்கும். கூட்டம் அதிகமான தொட்டியில் இரண்டு மூணு மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் வேகமா அடிக்கும். அதைப் பார்த்தா காத்திருக்காதீங்க.

இன்னொரு விஷயம்: ராத்திரிதான் ஆபத்து. பகலில் ஜன்னல் வெளிச்சம் பட்டா பாசி கொஞ்சமாவது ஆக்சிஜன் தரும். இருட்டினதும் அதுவும் வாங்கற பக்கம் சேர்ந்துடும். ஆக்சிஜன் ரொம்பக் குறையறது விடியறதுக்கு முன்னாடி. "காலையில் பார்த்துக்கலாம்"னு தூங்கப் போறது சரியா அந்த நேரத்தில் மீனைத் தனியா விடறதுதான்.

கையில் எதுவுமே இல்லையா? மூடியைத் திறங்க. ஒரு சொம்பில் தொட்டித் தண்ணியையே எடுத்து, ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊத்துங்க. அஞ்சு நிமிஷம் செய்யுங்க, அரை மணி கழிச்சு திரும்பவும் செய்யுங்க. கேலியா தெரியலாம். ஆனா பம்ப் செய்யறதும் இதேதான்.

எதுக்கு எவ்வளவு கரண்ட்?

தொட்டியில் ஓடற எல்லாத்தையும் காப்பாத்த வேண்டாம். தண்ணி அசைஞ்சா போதும். லைட் வேண்டாம், ஸ்கிம்மர் வேண்டாம்.

ரொம்ப மலிவான வழி யூ.எஸ்.பி. ஏர் பம்ப். 10,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்கில் இருக்கறது 37 வாட்-மணி. நஷ்டம் போக 25 கையில் நிக்கும்னு வையுங்க. 2 வாட் பம்பா இருந்தாகூட 12 மணி நேரம் ஓடும். போனுக்கு வெச்சிருக்கற பவர் பேங்க் ஒரு ராத்திரியைத் தாண்ட வெச்சிடும். ஒரு சிக்கல்: சில பவர் பேங்க், இழுக்கற கரண்ட் ரொம்பக் கம்மியா இருந்தா, போன் சார்ஜ் ஆயிடுச்சுன்னு நினைச்சு தானா அணைஞ்சிடும். உங்களுது அப்படியான்னு இப்பவே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துடுங்க. கரண்ட் போனதும் தானா ஆரம்பிக்கற பேட்டரி ஏர் பம்பும் கிடைக்குது. நீங்க தூங்கும்போதோ ஆபீஸில் இருக்கும்போதோ அதுதான் கை கொடுக்கும்.

அடுத்தது வீட்டு இன்வெர்ட்டர். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரின்னா பெருக்கிப் பார்த்தா 1,800 வாட்-மணி. நடைமுறையில் 1,100 கிடைச்சா நல்லது. ஒரு பழைய சீலிங் ஃபேன், இரண்டு லைட், வைஃபை சேர்ந்து 125 வாட்னு வெச்சா கிட்டத்தட்ட 9 மணி நேரம். இதோட 10 வாட் வேவ் மேக்கரைச் சேர்த்தா குறையறது சுமார் 40 நிமிஷம். ஆனா 150 வாட் சில்லரைச் சேர்த்தா மொத்தமே 4 மணி நேரத்தில் முடிஞ்சிடும். அதனால் வேவ் மேக்கருக்கு மட்டும் இன்வெர்ட்டர் லைன் இழுத்து வையுங்க. எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

மே மாதம் வேற கதை

வெளிநாட்டு வீடியோக்களில் கரண்ட் போனா தொட்டியைப் போர்வையால் சுத்தச் சொல்வாங்க. அங்கே பயம் குளிர். இங்கே தி.நகர் மாடி வீட்டில் மே மாத மத்தியானத்தில் போர்வை போர்த்தினா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை.

புயல் நாளில் சூடு பிரச்சினை இல்லை, காத்தே குளிர்ச்சியா இருக்கும். கோடையில் சில்லர் நின்னா தொட்டி மெதுவா அறையின் சூட்டை எட்டும். 30-ஐத் தாண்டினா கவனம் வேணும். ஃப்ரீசரில் உறைய வெச்ச ஒரு லிட்டர் தண்ணி பாட்டில், 100 லிட்டர் தொட்டியைச் சுமார் 1 டிகிரி குறைக்கும். மூடியை இறுக்கி, பாட்டிலோட மிதக்க விடுங்க. மீன் மார்க்கெட் ஐஸ் வாங்கினாலும் கவரில் கட்டித்தான் போடணும், கரைய விட்டா உப்பு அளவு கெட்டுடும். ஒரே நேரத்தில் நாலஞ்சு பாட்டில் போடாதீங்க. சட்டுன்னு குறையற சூடும் மீனுக்கு அதிர்ச்சிதான்.

சாப்பாடு, அம்மோனியா, அடைபட்ட ஃபில்டர்

கரண்ட் இல்லாதப்போ தீனி போடாதீங்க. ஆரோக்கியமான மீன் இரண்டு மூணு நாள் பட்டினி தாங்கும். மிஞ்சின தீனி அழுகினா அம்மோனியா. கடல் தண்ணியின் பி.ஹெச். 8-க்கு மேலே இருக்கறதால அதே அளவு அம்மோனியா இங்கே கூடுதல் விஷம். செத்தது எதுவா இருந்தாலும், ஒரு நத்தையா இருந்தாலும், உடனே எடுத்துடுங்க.

கேனிஸ்டர் ஃபில்டர் வெச்சிருக்கறவங்க இதைக் கவனிக்கணும். அது மூடின டப்பா. உள்ளே இருக்கற பாக்டீரியா ஆக்சிஜன் தீர்ந்து சாக ஆரம்பிக்கும், அழுகின முட்டை நாத்தம் வரும். பல மணி நேரம் நின்ன கேனிஸ்டரை அப்படியே ஆன் பண்ணினா அந்த விஷம் மொத்தமும் தொட்டிக்குள்ளே. கழட்டி, பழைய தண்ணியைக் கொட்டி, உப்புத் தண்ணியில் அலசிட்டு மாட்டுங்க.

சம்ப் இருந்தா, பம்ப் நிக்கும்போது மேல் தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணி கீழே இறங்கும். அதுக்கு சம்பில் இடம் காலியா இருக்கணும். இல்லேன்னா கரண்ட் கட்டோட சேர்த்து ஹால் முழுக்க உப்புத் தண்ணி. அந்த ஓரத்தில் ப்ளக் போர்டு தரையில் கிடந்தா நிலைமை மீனைத் தாண்டிப் போயிடும்.

கடல் பக்கத்துலதானே இருக்கு?

மயிலாப்பூரில் இருந்தா நடந்தே கடலுக்குப் போயிடலாம். இதே கரையில் 1909-லேயே பொதுமக்களுக்கான கடல் மீன் காட்சியகம் ஒண்ணு திறந்திருக்காங்க. அப்போ ஏன் இரண்டு குடம் கடல் தண்ணி எடுத்துட்டு வரக்கூடாது?

புயல் நேரத்தில் கூடவே கூடாது. அலையை விடுங்க. மழைக்காலத்தில் கூவமும் அடையாறும் நகரத்துக் கழிவையெல்லாம் சுமந்துட்டு கடலில் கலக்குது. கரையோரத் தண்ணியில் உப்பும் குறைஞ்சிருக்கும். அந்தத் தண்ணி நம்ம மீனுக்கு உதவி ஆகாது, இன்னொரு அடி.

அதுக்குப் பதிலா, புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கே உப்பு கலந்த தண்ணி தயார் பண்ணுங்க. ஆர்.ஓ. மெஷினும் கரண்டில்தான் ஓடுது, மறந்துடாதீங்க. இரண்டு 20 லிட்டர் கேனில் அளவா உப்பு கலந்து, ஹைட்ரோமீட்டரில் 1.025 பார்த்து, மூடி வெச்சிட்டா பாதி பயம் போயிடும்.

கரண்ட் வந்த பிறகு

வந்த சந்தோஷத்தில் எல்லா ஸ்விட்சையும் தட்டாதீங்க. முதல் கால் மணி நேரம் கரண்ட் வந்து வந்து போகும், வோல்டேஜ் ஏறி இறங்கும். சில்லரையும் லைட்டையும் ப்ளக்கிலிருந்து கழட்டியே வையுங்க. முதலில் வேவ் மேக்கர். அப்புறம் மெயின் பம்ப். சம்ப் மட்டம் சரியான பிறகு ஸ்கிம்மர், கடைசியில் சில்லர். அம்மோனியா டெஸ்ட் எடுங்க. தெரிஞ்சா, கேனில் வெச்சிருக்கற தண்ணியால் ஐந்தில் ஒரு பங்கு மாத்துங்க. தீனி அடுத்த நாள், அதுவும் கொஞ்சமா.

முதல் உரிமை யாருக்கு?

இதைச் சொல்லியே ஆகணும். மிக்ஜாம் அன்னைக்கு எங்க இன்வெர்ட்டரில் வேவ் மேக்கர் மட்டும் இல்லை. பாட்டியின் நெபுலைசரும் அதே பேட்டரியை நம்பித்தான் இருந்தது. அவங்களுக்கு ஆஸ்துமா. மீனுக்குப் போற 10 வாட், பாட்டிக்கு ராத்திரி வேண்டியிருந்தா? அதை அந்த நேரத்தில் யோசிக்கக்கூடாது, முன்னாடியே முடிவு பண்ணியிருக்கணும். எங்க முடிவு இதுதான்: இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கு காட்டினா முதலில் மீன் லைன் கட். அதனால்தான் பவர் பேங்க் பம்ப் தனியா இருந்தது. சாயங்காலம் விளக்கு சிவப்பாச்சு, வேவ் மேக்கரை எடுத்துட்டு பம்புக்கு மாறினோம். மீன் பிழைச்சது, பாட்டியும் மூச்சு வாங்காம தூங்கினாங்க.

தரைத்தளத்தில் தண்ணி ஏற ஆரம்பிச்சா ஈ.பி.யே பாதுகாப்புக்காக லைனை நிறுத்துவாங்க. நீங்களும் மெயினை இறக்கிட்டு வெளியே வாங்க. தொட்டிக்காக ஈரத்தில் நின்னு ப்ளக்கைத் தொடாதீங்க. வாடகை ஜெனரேட்டர் எடுத்தா மூடின பால்கனியில் ஓட்டாதீங்க, அந்தப் புகை மனுஷங்களைக் கொல்லும்.

இன்னொரு பாதுகாப்பு, வாங்கும்போதே கம்மியா வாங்கறது. மீன் குறைஞ்சா ஒவ்வொரு மணி நேரமும் நீளும். க்ளௌன் மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கற முறையை நம்ம மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே உருவாக்கியிருக்கு. பண்ணையில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குங்க. நம்ம கடலின் கடினப் பவளங்கள் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. யாராவது ரகசியமா விற்றாலும் தொடாதீங்க.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். பராமரிப்புக்காக உங்க ஏரியாவில் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை மின்தடைன்னு அவ்வப்போது பேப்பரில் வரும். அடுத்த தடவை உங்க தெரு பேர் வந்தா திட்டாதீங்க, அதை ஒத்திகையா எடுத்துக்கோங்க. பவர் பேங்க் எத்தனை மணி ஓடுது, சம்ப் எவ்வளவு நிறையுது, தெர்மாமீட்டர் எவ்வளவு ஏறுது, மூணையும் ஒரு பேப்பரில் எழுதித் தொட்டி மேலேயே ஒட்டிடுங்க. நீங்க வீட்டில் இல்லாத நாளில், அதைப் பார்த்து வீட்டில் இருக்கற யாரும் மீனைக் காப்பாத்தலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.