கிலோமீட்டரை விடுங்க, உயரத்தைப் பாருங்க: அடிவாரம் டு ஏற்காடு சைக்கிளில்

போன எபிசோடுல ரயில் டிரெயில் பத்திப் பேசினோம். ரயில் ஓடுறது நின்னுபோன பாதையில் தண்டவாளத்தை எடுத்துட்டு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கிற தடம்தான் அது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லேண்ட் வரைக்கும் போகிற கிரேட் அலகேனி பேசேஜ் சுமார் 240 கிலோமீட்டர். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் கேட்டது ஒரே கேள்வி: "அதையே புதுசா ஓட்டுறவங்க முடிக்கிறாங்கன்னா, சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வெறும் இருபது சொச்சம் கிலோமீட்டர்தானே?"

அந்த "வெறும்"தான் இன்னைக்கு எபிசோடு.

ரயில் பாதை ஏன் சுலபம்? இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் எளிதா வழுக்கும். அதனால செங்குத்தா ஏற முடியாது. குன்றைக் குடைஞ்சு, பள்ளத்துக்குப் பாலம் போட்டு, சரிவைக் குறைச்சுத்தான் பாதை போடுவாங்க. அலகேனி தடத்தில் கடினமான ஏற்றமே கம்பர்லேண்ட் பக்கம்தான். அங்கேயும் சுமார் 38 கிலோமீட்டரில் 530 மீட்டர் அளவுக்குத்தான் ஏறணும். சராசரி 1.4 சதவீதம். அதைவிட ரொம்பச் செங்குத்தா இருந்தா ரயிலுக்கே உதவி வேணும். நம்ம நீலகிரி மலை ரயில் கல்லாறு – குன்னூர் இடையே பல்சக்கரத்தைப் பிடிச்சுத்தான் ஏறுது.

ஏற்காட்டுக்கு ரயில் பாதை கிடையாது. இருப்பது 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலை. இருபது சொச்சம் கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறணும். சராசரி சுமார் 5 சதவீதம்.

இப்ப சின்னக் கணக்கு. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோன்னு வச்சுக்குவோம். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் 1 சதவீத ஏற்றத்தில் போனால், புவியீர்ப்புக்கு மட்டும் காலிலிருந்து 26 வாட் போகும். அதே வேகத்தில் 5 சதவீதம்னா 130 வாட். தூரம் சின்னதுதான், ஆனா வேலை ஐந்து மடங்கு. உங்களால தொடர்ந்து 100 வாட் கொடுக்க முடியும்னா, ஆயிரம் மீட்டர் உயரத்துக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டயர் உராய்வு, இளைப்பாறுறது, தண்ணி குடிக்கிறது எல்லாம் சேர்த்து மூணுலேருந்து நாலு மணி நேரம் ஒதுக்குங்க.

ஏறும்போது

அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியா வந்து, விடிஞ்ச உடனே அடிவாரத்தில் ஏற ஆரம்பிக்கிறது நல்லது. வெயில் ஏறுறதுக்குள்ள பாதி மலை முடிஞ்சிரும். இருட்டில் வேண்டாம், இது காட்டுமாடு நடமாடுற மலை. தண்ணி இரண்டு பாட்டில் கட்டாயம். குரங்குகள் முன்னாடி தின்பண்டத்தை வெளியே எடுக்காதீங்க.

நான் கிலோமீட்டரைப் பார்க்கிறதே இல்லை, வளைவு எண்ணைத்தான் பார்ப்பேன். பத்தாவது வளைவுல கால் எப்படி இருக்கு, தண்ணி எவ்வளவு மிச்சம்னு பார்த்து மேல போறதா திரும்புறதான்னு முடிவெடுப்பேன். வளைவின் உள் ஓரம்தான் ரொம்பச் செங்குத்து. பேருந்து வந்தா திரும்புறதுக்கு அதுக்கு முழுச் சாலையும் வேணும். வளைவுக்கு முன்னாடியே ஓரமா நின்னு விட்டுடுங்க. ஏறுற வண்டிக்குத்தான் இறங்குற வண்டி வழிவிடணும்னு விதி இருக்கு. ஆனா விதியை நம்பி வளைவுக்குள்ள போகாதீங்க.

இறங்கும்போது

ரயில் டிரெயிலுக்கும் மலைச்சாலைக்கும் பெரிய வித்தியாசமே இங்கதான். மேல ஏறச் செலவழிச்ச அத்தனை சக்தியும் இறங்கும்போது திரும்பி வரும். காத்து கொஞ்சம் வாங்கிக்கும், மிச்சம் முழுக்க பிரேக்கில் சூடா மாறும். பிரேக்கை விடாம அழுத்திக்கிட்டே வந்தா சூடு தேங்கி, பிடிப்பு குறையும். நேர்பாதையில் அழுத்தி வேகத்தைக் குறைங்க, விடுங்க, மறுபடி அழுத்துங்க. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடணும். வளைவுக்குள்ள போய் அழுத்தக் கூடாது. நாலு வளைவுக்கு ஒரு தடவை நின்னு, கைவிரலுக்கும் பிரேக்குக்கும் ஓய்வு கொடுங்க.

2024 ஏப்ரல் 30 அன்னைக்கு ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கின தனியார் பேருந்து ஒண்ணு இந்த மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போச்சு. தினமும் வண்டி ஓடுற பாதையே இப்படின்னா, களைச்சுப்போய் இறங்குற நமக்கு எவ்வளவு கவனம் வேணும்!

நாள் பார்க்கிறது

மே மாதக் கோடை விழா நேரத்தில் கூட்டம் அதிகம். அந்த நாட்களைத் தவிர்த்துடுங்க. அடைமழை நாளிலும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தச் சாலையில் மண் சரிஞ்சு போக்குவரத்தே நின்னுச்சு. குப்பனூர், கொட்டச்சேடு வழியா இன்னொரு சாலை இருக்கு. கிளம்புறதுக்கு முந்தின நாள் சேலத்துக்காரங்க யார்கிட்டயாவது இரண்டு சாலையும் எப்படி இருக்குன்னு கேட்டுக்கங்க.

ரயில் டிரெயில்ல 50 கிலோமீட்டர் போனால், திரும்பவும் கிட்டத்தட்ட அதே உழைப்புதான். அங்கே பாதிச் சக்தியை மிச்சம் வைக்கணும். மலையில் கால் திரும்பி வர்றதுக்குச் சக்தி வேண்டாம், கவனம் வேணும். அதனால ஏறுறது ஒரு பயணம், இறங்குறது இன்னொரு பயணம்னு தனித்தனியா திட்டம் போடுங்க. மேல நல்லா சாப்பிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்க. உடம்பு வேண்டாம்னு சொன்னா, கீழே வர ஏதாவது ஒரு வண்டியில சைக்கிளை ஏத்திக்கிட்டு வந்துடுங்க. அதிலே ஒரு குறைச்சலும் இல்லை.