குதிரை ஏன் வண்டி ஏற மறுக்கிறது?

(நமது பகுதி நேர நிருபர்)

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள். பெங்களூர் சிட்டி ரயில் நிலையத்தில் டூட்டி முடிந்து நான் வீடு திரும்பும்போது இரவு பத்து மணி இருக்கும். எங்கள் பகுதியை ஒட்டி ஒரு குதிரை லாயம் உண்டு. பெயர் வேண்டாம். அதன் வாசலில் ஒரே கூச்சல்.

எட்டிப் பார்த்தேன். குதிரைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்று பின்கதவைத் திறந்தபடி நின்றது. அந்தக் கதவைக் கீழே சாய்த்தால் அதுவே ஏறும் பலகை. மைசூர் போகவேண்டிய குதிரைகள் இரண்டு. முதலில் ஏற்ற நினைத்தது ஓர் இளம் பெண் குதிரையை. இரண்டு வயது. பண்ணையிலிருந்து லாயத்துக்கு வந்தபோது ஒரே ஒரு முறை வண்டியில் ஏறியதாம். அன்று அதற்கு என்ன அனுபவமோ, இன்று பலகையில் குளம்பை வைக்கவே மறுத்தது.

இரண்டு பேர் பின்னால் கயிறு போட்டு நெருக்கினார்கள். ஒருவர் பிரம்போடு நின்றார். முன்னால் கயிற்றைப் பிடித்து இழுத்தவன் இருபது வயதுப் பையன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். குதிரை நழுவிவிடக் கூடாதே என்று கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான்.

பிரம்பு விழுந்தது. குதிரை முன்கால்களைத் தூக்கி எழும்பியது. கயிறு இறுகியது. "அம்மா!" என்று பையன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன.

அப்போதுதான் உள்ளே இருந்து பெரியவர் வந்தார்.

நாற்பது நிமிடம்

பெரியவர் குடியாத்தத்துக்காரர். சைஸ் வேலையில் முடி நரைத்தவர். குதிரையைத் தேய்த்து, தீனி போட்டு, லாயத்தில் அதன் பக்கத்திலேயே படுத்து எழும் ஆளுக்கு இங்கே சைஸ் என்று பெயர்.

பையனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிரம்பை வாங்கித் தூர எறிந்தார். கூடி நின்றவர்களை விலகச் சொன்னார். டிரைவரிடம், "உள்ளே இருக்கிற லைட்டை எல்லாம் போடுங்க. எஞ்சினை நிறுத்துங்க" என்றார். ஏறும் பலகையின் மேல் வைக்கோலைப் பரப்பினார். பிறகு இன்னொரு குதிரையைக் கொண்டு வந்தார். அது வயதானது. பல பயணம் கண்டது. நம் வீட்டுத் திண்ணையில் ஏறுவதுபோல நடந்து உள்ளே போய் நின்றுகொண்டு புல்லைக் கடிக்க ஆரம்பித்தது.

பெண் குதிரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பெரியவர் இழுக்கவில்லை. கயிற்றில் லேசாக ஒரு பிடி. அது ஓர் அடி முன்னால் வைத்தவுடன் பிடியைத் தளர்த்தினார். கழுத்தைத் தடவினார். நின்றால் அவரும் நின்றார். பலகையில் முன்கால் வைத்துத் திரும்ப எடுத்தது. எடுக்க விட்டார். மறுபடி வைத்தது. நாற்பது நிமிடத்தில் அது தானாகவே உள்ளே போய்விட்டது.

"இது என்ன மந்திரம், பெரியவரே?" என்று கேட்டேன்.

"மந்திரமும் இல்ல மாயமும் இல்ல தம்பி. பயப்படுறதை அடிச்சா பயம் போவுமா? முதல்ல வண்டிக்குப் பயந்துச்சு. அடிச்சதும் வண்டி, பிரம்பு, மனுசன், மூணுக்கும் பயந்துச்சு" என்றார்.

குதிரையின் கண்ணில் பாருங்கள்

பெரியவர் அனுபவத்தில் சொன்னதற்கு விஞ்ஞானக் காரணமும் உண்டு.

குதிரை புல் தின்னும் பிராணி. சிங்கம், ஓநாய்க்குத் தப்பி ஓடியே பிழைத்த இனம். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் சிறிது இடமும், வாலுக்கு நேர் பின்னால் சிறிது இடமும் அதற்குத் தெரியாது. நேர் முன்னால் நின்று இழுப்பவரும், நேர் பின்னால் வந்து தட்டுபவரும் அதன் பயத்தைக் கூட்டுகிறார்கள்.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக குதிரையின் கண்ணுக்கு நம்மைவிட அதிக நேரம் வேண்டும். நமக்கு வேனாகத் தெரிவது அதற்கு இருண்ட குகை. போதாததற்கு, பலகையில் கால் வைத்தால் 'டொம்' என்று சத்தம். காலின் கீழ் தரை அசைகிறது. ஓடிப் பிழைக்கும் பிராணிக்கு ஓட வழியில்லாத பெட்டி! அது மறுப்பதை 'திமிர்' என்று சொல்வது சரியா?

பழக்க வேண்டியது என்றைக்கு?

பயண நாளன்று பழக்கத் தொடங்குவதுதான் பெரிய தவறு. பத்துப் பதினைந்து நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும். தினம் பத்து நிமிடம் போதும்.

முதலில் வெறும் தரையில், கயிற்றை லேசாகப் பிடித்தால் முன்னால் வர, தள்ளினால் பின்னால் போகப் பழக்க வேண்டும். குதிரை கற்பது கயிறு இறுகும்போது அல்ல. சரியாகச் செய்த அந்த நொடியில் கயிறு தளர்கிறதே, அப்போதுதான். பிறகு தரையில் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் நடக்க விடலாம். சத்தம் பழகிவிடும்.

அடுத்தது வண்டி. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டி ஆடாதபடி செய்ய வேண்டும். முதல் நாள் பலகை அருகே தீனி. மறுநாள் பலகை மேல். அடுத்து உள்ளே. உள்ளே போனதும் கதவைச் சாத்திவிடக் கூடாது. ஏறுவது, இறங்குவது இரண்டையும் பல முறை பழக்க வேண்டும். அதன் பின் கதவைச் சாத்தி ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். கடைசியில் தெருவைச் சுற்றி ஒரு சிறு பயணம்.

ஏற்றும்போது முதலில் பின்தடையைப் போட்டுவிட்டுத்தான் தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். இறக்கும்போது முதலில் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் பின்தடையைத் திறக்க வேண்டும். பின்பக்கம் திறந்து கிடக்க, தலை கட்டிக் கிடந்தால் குதிரை பின்னால் பாயும். கயிறு பிடிக்கும். மிரண்டு விழும். பல விபத்துகளின் கதை இதுதான்.

கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றக் கூடாது. மடித்துப் பிடிக்க வேண்டும். காலில் நல்ல பூட்ஸ், கையில் கையுறை, தலையில் ஹெல்மெட். குதிரையின் நேர் முன்னால் நிற்காமல் தோளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஓடும் வண்டியில்

குதிரையின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்கால்களில் நிற்கிறது. டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் அத்தனை பாரமும் முன்னால் சாயும். வளைவில் வேகமாகத் திருப்பினால் பக்கவாட்டில் சாயும். குதிரைக்குப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. கால்களை அகட்டித்தான் நிற்க வேண்டும். ஆகவே இரு பக்கத் தடுப்பும் மிக நெருக்கமாக இருக்கக் கூடாது.

கயிற்றை மிகக் குட்டையாகக் கட்டுவது இன்னொரு தவறு. குதிரை வாயால் மூச்சு விடாது. மூக்கால் மட்டும்தான். தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக் குழாயில் சேரும் தூசும் சளியும் வெளியே வடியும். மணிக்கணக்கில் தலை தூக்கியே கட்டப்பட்டிருந்தால் அவை நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வரும். நீண்ட பயணம் முடிந்து ஓரிரு நாளில் குதிரை தீனி எடுக்காமல் சோர்ந்து நின்றால் காய்ச்சல் பார்க்க வேண்டும். 38.5 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் கால்நடை டாக்டரை உடனே அழைக்க வேண்டும்.

மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். கயிற்றைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்த விட வேண்டும். தண்ணீர் காட்ட வேண்டும். புது ஊர்த் தண்ணீரைச் சில குதிரைகள் தொடாது. பழகிய தண்ணீரை கேனில் எடுத்துப் போவது நல்லது. ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். நாம் தாங்காத புழுக்கத்தை அது மட்டும் எப்படித் தாங்கும்?

சட்டம் என்ன சொல்கிறது?

மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1978-ல் மத்திய அரசு விலங்குகளின் போக்குவரத்துக்கு விதிகள் வகுத்தது. குதிரைக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. ரயில்வே குமாஸ்தா ஆன எனக்கு விதிப் புத்தகம் புரட்டுவது பழக்கம். இதையும் புரட்டினேன்.

பயணத்துக்குத் தகுதி உண்டு என்று கால்நடை டாக்டரின் சான்று வேண்டும். சாலையில் செல்லும் வண்டியில் நான்கு முதல் ஆறு குதிரைகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. குறைந்தது ஒரு பராமரிப்பாளர் கூடச் செல்ல வேண்டும். சாதாரண லாரியானால் தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும். குதிரைகளுக்கு இடையே குறைந்தது 8 சென்டிமீட்டர் கனமுள்ள மூங்கில் தடுப்பு வேண்டும். எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதபடி தலை இடப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. இந்தக் கணக்கில் பெங்களூரிலிருந்து மைசூர் போக நான்கு மணி நேரம்!

ரயிலில் ஏற்றினால், அகலப் பாதை வேகனில் எட்டு முதல் பத்துக் குதிரைகள்தான். தண்டவாளத்துக்கு இணையாக, ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும். தரையில் 6 சென்டிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் வைக்கோல். கடும் வெயிலில் வேகன் மேல் ரயில்வே தண்ணீர் தெளிக்க வேண்டும்.

ஆள் ஏறும் பொதுப் பெட்டியில் நம்மவர்கள் ஊருக்குப் போகும் நிலையை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டேன். அது வேறு கதை.

பையன் என்ன ஆனான்?

நசுங்கிய விரல்களில் ஒன்று இன்னும் சரியாக மடங்கவில்லை. மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. போகாத நாளுக்குக் கூலி இல்லை. அந்த மாதம் ஊருக்கு மணியார்டர் போகவில்லை. குதிரைக்கு ஒரு கீறல் விழுந்தால் இரவோடு இரவாக டாக்டர் வருகிறார். வரட்டும், வேண்டியதுதான். அதே அக்கறை கயிறு பிடிப்பவனுக்கும் வேண்டாமா? ஒரு ஜோடி கையுறை என்ன விலை ஆகிவிடும்?

பெங்களூரிலும் மைசூரிலும் பம்பாய், பூனாவிலும் குதிரை லாயங்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேன் ஓட்டும் டிரைவர்களும் இருக்கிறார்கள். உங்கள் தம்பியோ மைத்துனனோ அந்த வேலையில் இருந்தால் இதை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். "ஏற்றுடா சீக்கிரம்!" என்று மேலே இருப்பவர் விரட்டும்போது, "பத்து நாள் முன்னால் பழக்க நேரம் கொடுங்கள்" என்று கேட்கும் துணிச்சல் அவர்களுக்கு வரட்டும்.

சென்ற வாரம் அந்த வழியாக வந்தேன். வேன் நின்றிருந்தது. எஞ்சின் ஓடவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது. அதே பெண் குதிரை பலகை மேல் ஏறிக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவன் அந்தப் பையன். கயிறு கையில் சுற்றியிருக்கவில்லை. மடித்துப் பிடித்திருந்தான். பெரியவர் சற்றுத் தள்ளி பீடி பிடிக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, பீடி இல்லையா?" என்றேன்.

"வைக்கோல் கிடக்குது தம்பி" என்றார்.