மறுஆய்வு (சட்டம்)

மறுஆய்வு என்பது ஒரு வழக்கில் தீர்ப்பையோ ஆணையையோ வழங்கிய நீதிமன்றமே அதனை மீண்டும் பரிசீலித்து, தேவையெனில் திருத்துவதைக் குறிக்கும் சட்டச் சொல்லாகும். இதற்காகத் தாக்கல் செய்யப்படும் மனு மறுஆய்வு மனு எனப்படுகிறது. மேல்முறையீட்டில் வழக்கை வேறொரு உயர்ந்த நீதிமன்றம் முழுமையாக எடைபோடுகிறது. மறுஆய்விலோ, தீர்ப்பளித்த நீதிமன்றத்திடமே "இதில் பிழை உள்ளது" என்று சொல்ல வேண்டியுள்ளது. அதனாலேயே இதன் எல்லை மிகக் குறுகியது.

சொல் வழக்கு

தமிழ் நாளிதழ்கள் இதனைச் சீராய்வு மனு, மறுசீராய்வு மனு என்றும் எழுதுகின்றன. இது குழப்பம் தரக்கூடியது. ஏனெனில் சட்டத்தமிழில் சீராய்வு என்பது பெரும்பாலும் வேறொரு நடவடிக்கையைக் குறிக்கும்: கீழ் நீதிமன்றத்தின் ஆவணங்களை மேல் நீதிமன்றம் வரவழைத்து, அதன் நடவடிக்கை முறையானதா என்று பார்ப்பதே சீராய்வு. 2023-ஆம் ஆண்டில் தமிழக அமைச்சர்கள் சிலர் விடுவிக்கப்பட்ட வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து எடுத்துக்கொண்டது இவ்வகையைச் சேர்ந்தது. அது மறுஆய்வு அன்று. செய்தியைப் படிப்பவர், மனுவை விசாரிப்பது தீர்ப்பளித்த நீதிமன்றமா அதற்கு மேலுள்ள நீதிமன்றமா என்று பார்த்தால் போதும். இரண்டும் எளிதில் பிரிந்துவிடும்.

உரிமையியல் வழக்குகளில்

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் 114-ஆம் பிரிவும் 47-ஆவது கட்டளையும் மறுஆய்வுக்கு வழி செய்கின்றன. உரிய கவனத்துடன் முயன்றும் முன்பு அறிய இயலாத முக்கியமான புதிய சான்று கிடைத்திருக்க வேண்டும். அல்லது ஆவணத்தைப் பார்த்தவுடனேயே புலப்படும் பிழை இருக்க வேண்டும். அல்லது இவற்றையொத்த போதிய காரணம் வேண்டும். கால வரம்பு 30 நாட்கள். நீதிபதி சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று நீண்ட வாதத்தால் நிறுவ வேண்டியிருந்தால் அது மேல்முறையீட்டுக்கு உரியது.

ஓர் எடுத்துக்காட்டு. பச்சைமலை அடிவாரத்தில் துறையூர்ப் பக்கம் உள்ள ஒரு புஞ்சை நிலத்திற்கு இருவர் உரிமை கோரி வழக்காடி, ஒருவர் தோற்றுவிடுகிறார் எனக் கொள்வோம். பின்னர் திருவரங்கத்தில் வசிக்கும் உறவினர் வீட்டுப் பெட்டியில் அவருடைய பாட்டனார் பெயரில் ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைக்கிறது. அவர் தீர்ப்பளித்த அதே நீதிமன்றத்தில் மறுஆய்வு கோரலாம். ஆனால் அது பதிவு செய்யப்பட்ட பத்திரமாக இருந்தால் எதிர்த்தரப்பு விடாது; வில்லங்கச் சான்று கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்குமே என்று வாதிடும். இவ்வகை மனுக்கள் பல தோற்பது இந்த இடத்தில்தான்.

மேல்முறையீடாக இருந்தால் வழக்கு ஊரை விட்டு நகரும். பச்சைமலை ஒன்றுதான் எனினும், அதன் திருச்சிராப்பள்ளி மாவட்டப் பகுதி 2004-இல் தொடங்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கும், பெரம்பலூர் மாவட்டப் பகுதி சென்னையிலுள்ள முதன்மை அமர்வுக்கும் உட்பட்டவை. மறுஆய்வு மனுவோ தீர்ப்பு எழுதப்பட்ட இடத்திற்கே திரும்பும்.

மறுஆய்வு மனு தள்ளுபடியானால் அந்தத் தள்ளுபடி ஆணையை எதிர்த்து மேல்முறையீடு இல்லை. மறுஆய்வில் பிறந்த ஆணைக்கு மீண்டும் மறுஆய்வும் இல்லை. தீர்ப்புக்குப் பின்னர் வேறொரு வழக்கில் மேல் நீதிமன்றம் சட்டநிலையை மாற்றிவிட்டது என்பதும் மறுஆய்வுக்குக் காரணமாகாது.

குற்றவியல் வழக்குகளில்

குற்றவியல் நீதிமன்றம் கையெழுத்திட்ட தீர்ப்பில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர எதனையும் மாற்ற இயலாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1973-இன் 362-ஆம் பிரிவில் இருந்த இத்தடை, 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 403-ஆம் பிரிவில் தொடர்கிறது. உச்ச நீதிமன்றத்தின் நிலை வேறு. அரசியலமைப்பின் 137-ஆவது உறுப்பு அதற்குத் தன் தீர்ப்புகளை மறுஆய்வு செய்யும் அதிகாரத்தை அளிக்கிறது.

இம்மனுக்கள் வாய்மொழி வாதமின்றி, கோப்புகள் நீதிபதிகளிடையே சுற்றுக்கு விடப்பட்டு முடிவு செய்யப்படுகின்றன. இம்முறை 1978-இல் விதித்திருத்தம் மூலம் வந்தது; ஈசுவர ஐயர் வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றது. வழக்குச் சுமையைக் கருதினால் இது நியாயமே. ஆயினும் மரண தண்டனை பெற்றவரின் கடைசி மனுவும் அவ்வாறே, ஒரு சொல் கேட்கப்படாமல் முடிந்துவந்தது.

மரண தண்டனையும் திறந்த நீதிமன்றமும்

2014 செப்டம்பர் 2 அன்று முகமது ஆரிப் வழக்கில் ஐவர் அரசியல் சாசன அமர்வு, நால்வர் பெரும்பான்மையில் இதனை மாற்றியது. மரண தண்டனை வழக்குகளின் மறுஆய்வு மனுக்களைத் திறந்த நீதிமன்றத்தில் குறைந்தது மூன்று நீதிபதிகள் கேட்க வேண்டும் என்றது. வாதத்திற்கு அரை மணி நேரம் போதும் என்றும் குறிப்பிட்டது.

அவ்வழக்கின் மனுதாரர்களுள் தருமபுரிப் பேருந்து எரிப்பு வழக்கில் தண்டனை பெற்றவர்களும் இருந்தனர். 2000 பிப்ரவரி 2 அன்று கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியர் சென்ற பேருந்து எரிக்கப்பட்டதில் மூன்று மாணவியர் உயிரிழந்தனர். மூவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 2010-இல் உறுதி செய்தது. மறுஆய்வில், 2016 மார்ச் 11 அன்று அதே நீதிமன்றம், முன்திட்டமின்றிக் கும்பல் வெறியில் நிகழ்ந்த குற்றம் என்று கருதி அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018-இல் மூவரும் முன்விடுதலை பெற்றபோது எழுந்த எதிர்ப்பு, உயிரிழந்தோர் தரப்பில் இக்கதை முடியவில்லை என்பதைக் காட்டியது.

கடலூர் மாவட்டத்தில் 2009-இல் ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 2013-இல் மரண தண்டனையை உறுதி செய்த உச்ச நீதிமன்றம், கொல்லப்பட்டவன் பெற்றோரின் ஒரே ஆண் குழந்தை என்பதையும் குற்றத்தின் கடுமையைக் கூட்டும் காரணமாகக் கொண்டிருந்தது. 2023 மார்ச் 21 அன்று மறுஆய்வில், குழந்தையின் பாலினம் அவ்வாறு எடைபோடப்படக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. குற்றத்தீர்ப்பில் கைவைக்கவில்லை, தண்டனை மட்டும், தண்டனைக் குறைப்பின்றிக் குறைந்தது 20 ஆண்டுகள் என்ற ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது.

எல்லாருக்கும் இவ்வாறு அமைவதில்லை. திறந்த நீதிமன்ற விசாரணையைப் பெற்றுத் தந்த முகமது ஆரிப்பின் சொந்த மறுஆய்வு மனு 2022 நவம்பரில் தள்ளுபடியானது.

மறுஆய்வுக்குப் பின்

2002-இல் ரூபா அசோக் குர்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைதீர் மனு என்னும் மேலும் ஒரு வழியை ஏற்படுத்தியது. இயற்கை நீதி மீறப்பட்டது, நீதிபதி ஒருசார்பாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் போன்ற அரிய காரணங்களுக்கே அது பயன்படும். மூத்த வழக்கறிஞர் ஒருவரின் சான்று வேண்டும். மறுஆய்வு மனு தள்ளுபடியான பின்னரே அதனைத் தாக்கல் செய்ய இயலும்.