மண்ணைத் தொடும் சில கிலோ எஃகு

உழவு இயந்திரம் வாங்கப் போகிறவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை குதிரைத்திறன் என்றுதான். மானியமும் வங்கிக் கடனும் இயந்திரத்தின் விலையை வைத்தே முடிவாகின்றன. ஆனால் அத்தனை திறனும் மண்ணுக்குள் இறங்குவது கொழு, சட்டி, ரோட்டவேட்டர் பிளேடு ஆகியவற்றின் மெல்லிய விளிம்பு வழியாக. அந்த விளிம்பு மழுங்கிவிட்டால் எவ்வளவு பெரிய டிராக்டரும் மண்ணை வெட்டாமல் உரசிக்கொண்டே டீசலைத் தின்னும். தேய்ந்து போகும் இந்தச் சில கிலோ எஃகின் தரத்துக்கு நாம் கொடுக்கும் கவனம் மிகக் குறைவு.

எஃகு ஏன் தேய்கிறது? மணலில் உள்ள குவார்ட்ஸ், நன்றாகக் கடினப்படுத்திய பிளேடைவிட ஏறத்தாழ இரு மடங்கு கடினமானது. ஆகவே தேய்மானத்தைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும். கடினத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன என்று தோன்றும். கூட்டினால் சரளை நிலத்தில் முதல் கல்லிலேயே முறிந்துவிடும். 1837-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜான் டீர் செய்த எஃகுக் கலப்பை வென்றதற்கு அதன் வலு மட்டும் காரணமல்ல. வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொண்ட பிசுபிசுப்பான புல்வெளி மண், மெருகேற்றிய எஃகில் வழுக்கி விழுந்தது. 1868-இல் ஜான் லேன், இரு கடின எஃகுத் தகடுகளுக்கு நடுவே மென்மையான உலோகத்தை வைத்து, தேயவும் முறியவும் தயங்கும் கலப்பையைச் செய்தார். இன்று அதே வேலையைப் போரான் கலந்த எஃகு செய்கிறது. ஒரு டன்னுக்கு 20, 30 கிராம் போரான் போதும்; சூடேற்றிச் சட்டெனக் குளிர்விக்கும்போது பிளேடின் உள்வரை கடினம் பரவும். பிறகு மிதமாகச் சூடாக்கினால் நொறுங்கும் தன்மை குறையும். இந்தச் சூட்டுப் பதத்தில்தான் நல்ல பிளேடும் போலியும் பிரிகின்றன. பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

மலிவான பிளேடை வாங்கி, தேய்ந்ததும் பட்டறையில் அடித்துக்கொண்டால் ஆகாதா என்று கேட்பார்கள். லாரி வில்பட்டையிலிருந்து அருமையான அரிவாள் அடிக்கும் நம் கொல்லர்களின் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பதமேற்றிய போரான் பிளேடைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி அப்படியே ஆறவிட்டால் அந்தப் பதம் போய்விடும். மீண்டும் ஏற்றினால் ஒழிய அது வெறும் இரும்புத் துண்டு. இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது: எஃகு இயந்திரங்களே மண்ணை இறுக்குகின்றன, ஒரே ஆழத்தில் ஓடும் ரோட்டவேட்டர் அடியில் கெட்டித் தட்டை உண்டாக்குகிறது என்பது. உண்மைதான். அதனால்தான் வேளாண் அறிஞர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக் கலப்பை ஓட்டச் சொல்கிறார்கள். அந்தத் தட்டைப் பிளப்பதும் எஃகு முனைதான். அதுவும் மழுங்கியிருந்தால் இழுவை கூடும், பிளவு கிடைக்காது.

தரமான பிளேடு தனக்குக் கட்டுபடியாகாது என்று டிராக்டர் உரிமையாளர் சொன்னால் அவர் கணக்கில் அது சரியே. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் வரை, மழுங்கிய பிளேடால் கூடும் நேரத்துக்குப் பணம் கொடுப்பவர் நிலத்துக்காரர். சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் வாடகைக்குத்தான் உழுகிறார்கள். பிளேடைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை, அதன் விலையை மட்டும் கட்டுகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசினால் சுமை உரிமையாளர் பக்கம் திரும்பும். அப்போது ஆழத்தைக் குறைத்து வேகமாக ஓட்டும் ஆசை வரும். ஆகவே எத்தனை அங்குல உழவு என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். வேளாண் பொறியியல் துறை தன் வாடகை இயந்திரங்களில் பிளேடின் எஃகு ரகத்தையும் மாற்றிய தேதியையும் எழுதி வைத்தால், தனியாரிடமும் அதையே கேட்கும் துணிச்சல் நிலத்துக்காரருக்கு வரும்.