நிரல் வெந்நீர் போடுவது எப்படி?

விளக்கு, கீசர், ஏ.சி. ஆகியவற்றைக் கணினியிலிருந்து இயக்க உதவுவது நிரலகம். ஒவ்வொரு கருவிக்கும் உரிய கட்டளைகளை முன்கூட்டியே எழுதிவைத்த தொகுப்பு அது. ‘விளக்கை அணை’ என்ற பொருளில் நிரலில் ஒரு வரி எழுதினால் போதும். கருவிக்குப் புரியும் செய்தியாக மாற்றி வைஃபையில் அனுப்புவது நிரலகத்தின் வேலை. இதற்குப் பரவலாகப் பயன்படும் எம்.கியூ.டி.டி. நெறிமுறை, எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999இல் உருவானது. செய்திகள் மிகச் சிறியவை என்பதால் மலிவான சில்லும் அவற்றைக் கையாளும்.

எடுத்துக்காட்டாக, புதுச்சேரி முதலியார்பேட்டையின் கடலோர வெப்பத்தில் அறையைச் சூடாக்கத் தேவையில்லை. கீசரைக் கட்டுப்படுத்துவதில்தான் பயன் அதிகம். 15 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.3 யூனிட் மின்சாரம் போதும். 2 கிலோவாட் கீசருக்கு அது ஒன்பது நிமிட வேலை. குளிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு நிரல் அதைப் போட்டால் போதுமானது.

ஆனால் அந்தக் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கான சிறு ரிலேயை (கட்டளைப்படி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சை) அதில் பொருத்துவது ஆபத்து. 16 ஆம்பியர் தாங்கும் ரிலே வேண்டும். கீசரின் தெர்மோஸ்டாட்டை ஒருபோதும் நீக்கக் கூடாது. வைஃபை நின்றால் ‘அணை’ என்ற செய்தி வந்து சேராது. எனவே அணைக்கும் நேரத்தை ரிலேயை இயக்கும் சில்லிலேயே பதிந்துவைப்பது அவசியம்.

வைஃபை இல்லாத பழைய ஏ.சி.க்கு நிரல் ரிமோட்டைப் போலவே அகச்சிவப்புத் துடிப்புகளை அனுப்பும். ஏ.சி. பதில் சொல்லாது, அறையில் வைத்த வெப்ப உணரியே அது இயங்குகிறதா என்று காட்டும்.